வரிசையிலிருந்து எடுத்த கரண்டி

கேம்பிரிட்ஜ், ஒன்டாரியோ
மே மாதம், சனிக்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனரும், என் மகள் மெலனியின் ஞானத்தந்தையும், ஓய்வு பெற்ற பள்ளி ஆலோசகருமாகிய திரு. துவார்த்தே அவர்களுக்கு,

ஜெர்மானோ பிமெந்தெல் எழுதிக்கொள்வது. பரிசுத்த ஆவியின் தயவால் இங்கே தங்கள் தங்கை ஒடேத்துக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே மிஸ்ஸிசாகாவில் தாங்களும் தங்கள் முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று கும்பிட்டுக்கொள்கிறேன். தாங்கள் கொல்லையில் நட்ட திராட்சைக் கொடி இந்த வருடப் பனியிலும் பிழைத்துக்கொண்டதாக அவள் சொன்னாள். மிக்க மகிழ்ச்சி.

மரியாதை இத்தோடு முடிந்தது. இனி மச்சானுக்கு மச்சானாக எழுதுகிறேன். ஏன்டா, போனை எடுத்தால் உன் காது தேய்ந்தா போய்விடும்? ஒரு வாரமாக அடிக்கிறேன், மணி போகிறது, பிறகு உன் குரல் வந்து "இப்ப பேச முடியல, விஷயத்தச் சொல்லி வைங்க" என்கிறது. விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பீப் என்று வெட்டிவிடுகிறது. காகிதம் வெட்டாது. அதனால்தான் தபால்.

வீட்டில் உட்கார்ந்து எழுதவும் வழியில்லை. திருவிழாவுக்காக வாரம் ஒரு வீடாகச் சுற்றிவருகிற பரிசுத்த ஆவியின் வெள்ளிக் கிரீடம் இந்த வாரம் எங்கள் வீட்டில் இருக்கிறது. கோவிலில் குலுக்கிப் போட்ட சீட்டில் எத்தனையோ வருடம் வராத என் பெயர் இந்த வருடம் பார்த்து வந்து தொலைத்தது. முன்னறையில் பூவுக்கு நடுவில் கிரீடம். சாயங்காலமானால் தெருவே வந்து ஜெபமாலை சொல்கிறது. கிரீடம் இருக்கும் வீட்டில் கத்தக் கூடாது, கதவை அறையக் கூடாது, அடுத்தவனைத் திட்டக் கூடாது என்று உன் தங்கை சட்டம் போட்டுவிட்டாள். ஆகவே கடைக்கு வந்து, திவாலான ஏதோ ஓட்டல்காரனின் ஐஸ்கிரீம் பெட்டி மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபம் என்று எடுத்துக்கொள், பெட்டியும் கொஞ்சம் ஆடுகிறது.

விஷயம் இதுதான். உன் ஞானமகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு ஆரம்பம். ஆனால் ஜூன் முடிவதற்குள் கையில் பட்டம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவனுக்கு என்று எழுதியிருக்கிறார்கள். பட்டம் ஜூனில் வராது. ஏன் வராது? கோ-ஆப். கோ-ஆப்பை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்? நீ.

ஞாபகம் இல்லையென்று சொல்லிவிடாதே. ஐந்தரை வருடத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், என் மேஜையில், என் உப்புக் காட் மீனைத் தின்றுகொண்டு நீ சொன்னாய்: "மச்சான், சும்மா படிக்க வைக்காத. கோ-ஆப்ல போடு. நாலு மாசம் வகுப்பு, நாலு மாசம் வேல. மாத்தி மாத்திப் போகும். நாலு வருசப் படிப்பு அஞ்சு வருசமாகும், அவ்வளவுதான். பட்டத்தோட அனுபவமும் கையில இருக்கும், சம்பளமும் வரும். டாக்டருக்கு விண்ணப்பம் போடறப்ப மத்த பிள்ளைங்க வெறும் மார்க்கோட நிப்பாங்க, நம்ம பொண்ணு உலகத்தப் பாத்துட்டு நிப்பா." சொல்லிவிட்டு மேஜை மேலேயே விளக்கினாய். முள்கரண்டி என்றால் வகுப்பு, கரண்டி என்றால் வேலை. முள்கரண்டி, கரண்டி, முள்கரண்டி, கரண்டி என்று ரொட்டித் தட்டிலிருந்து உப்பு டப்பா வரைக்கும் அடுக்கினாய். "கரண்டி அஞ்சு இருந்தாத்தான் பட்டத்துல கோ-ஆப்புன்னு போடுவான். கடைசியில முள்கரண்டிதான் வரணும், வேலையில முடிக்க விடமாட்டான்" என்றாய். பெண்ணும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். ஒரு தராசைக்கூட இரண்டு தரம் சரிபார்க்காமல் வாங்காத நான், மச்சான் சொன்னான் என்று தலையாட்டினேன்.

பிறந்த தீவை விட்டு இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடமாக, மூடிப்போன உணவகங்களின் அடுப்பையும் ஃபிரிட்ஜையும் வாங்கி, துடைத்து, புதிதாகத் திறக்கிறவனுக்கு விற்றுப் பிழைக்கிறேன். இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: லாரி, வாங்குகிறவன், கட்டடத்துச் சாவி, இந்த மூன்றும் ஒரே நாளில் வந்து சேராவிட்டால் அடுப்பு பனியில் நிற்கும். இந்தப் படிப்பிலும் மூன்று இருக்கிறது. வேலைகளை எல்லாம் முடிக்க ஒரு தேதி. பல்கலைக்கழகம் பட்டம் கொடுப்பதோ ஜூனில் ஒரு தரம், அக்டோபரில் ஒரு தரம், நடுவில் யார் அழுதாலும் கொடுக்க மாட்டான். மருத்துவக் கல்லூரி கதவைத் திறப்பது ஆகஸ்டில். இந்த மூன்றையும் ஒரு நாளில் கொண்டுவந்து நிறுத்து என்று ஒரு சரக்கு ஏற்றுகிறவனிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவான், இடையில் இடம் விடு, ஒன்று தவறினால் இன்னொன்றில் பிடித்துக்கொள்ளலாம் என்று. பள்ளியில் பிள்ளைகளுக்கு வழிகாட்டி ஓய்வூதியம் வாங்குகிற உனக்கு அது தெரியவில்லை. உன் வரிசையில் கைவிரல் நுழைய இடமில்லை.

பெண் என்ன பாடு பட்டாள் தெரியுமா? முதல் வேலை, மண் பரிசோதிக்கிற இடத்தில் போத்தல் கழுவினாள். பிறகொரு குளிர்காலம் வடக்கே சட்பரியில் ஏதோ ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய்க் கிழவர்களின் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு வந்தாள். கண்ணிமை உறைகிற குளிரில், ஒரு வீட்டில் ரத்த அழுத்தத்தை விட்டுவிட்டு மாடிப்படியில் பனியை வாரச் சொல்லியிருக்கிறார்கள், இவளும் வாரியிருக்கிறாள். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்த நாலு மாதமும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்தாள். சில கல்லூரிகள் வருடா வருடம் முழுப் பாடமும் எடுத்தாயா என்று வேறு கேட்கிறார்களாம். பாதி வருடம் வேலையில் இருந்தவள் எப்படி எடுப்பாள்? அந்தக் கல்லூரிகளை எல்லாம் அவளே அடித்துவிட்டு மற்றதற்கு மட்டும் போட்டாள். எல்லாம் அவளே கணக்குப் பார்த்துச் செய்தாள். நாம் இரண்டு ஆண்பிள்ளைகள் செய்ததுதான் கெட்டது.

நான் செய்தது என்ன என்று கேட்பாய். கேள், சொல்கிறேன், எனக்கென்ன பயம்? இரண்டாவது வேலைக்கு கோ-ஆப் ஆபீஸ் அவளுக்கு டொரொன்டோவில் ஒரு புள்ளிவிவர ஆபீசைப் பார்த்துக் கொடுத்தது. டாக்டராகப் போகிறவளுக்கு எதற்குப் புள்ளிவிவரம்? ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்க வேண்டும்? ஒரு ஆஸ்பத்திரியின் சமையலறை மேலாளர் ஸ்டான் என் வாடிக்கைக்காரன். அவனுக்கு ஒரு பெரிய நீராவி அடுப்பு தேவைப்பட்டது. நான் சொன்னேன், "ஸ்டான், அடுப்பு உனக்குப் பாதி விலைக்கு. எம் பொண்ணுக்கு ஆஸ்பத்திரியில நாலு மாசம் ஒரு வேல." அவன் அங்கேயே கை கொடுத்துவிட்டான். டொரொன்டோ வேண்டாமென்று அவளைச் சொல்ல வைத்தேன். முதல் நாள் அவளை நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாயங்காலம் திரும்பி வந்தபோது கோட்டெல்லாம் கஞ்சி. நோயாளிகளின் தட்டில் கஞ்சியை எடை போட்டு மூடி போட்டு அனுப்புகிற வேலையாம். "ஆஸ்பத்திரின்னுதான கேட்ட, டாக்டர் பக்கத்துலன்னு கேக்கலியே" என்றான் ஸ்டான். வியாபாரத்தில் என்னை ஏமாற்றின ஒரே போலந்துக்காரன் அவன்தான்.

அதுகூடப் பரவாயில்லை. கோ-ஆப் ஆபீஸ் என்ன சொன்னது? நாங்கள் பார்த்து ஒப்புக்கொள்ளாத வேலை, அதனால் அது கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டது. ஐந்து கரண்டி வேண்டிய இடத்தில் நாலுதான். இதை மெலனி போன கிறிஸ்துமஸுக்கு, அதே மேஜையில், நீயும் இருக்கும்போதே சொன்னாள். "அப்பா, ஒரு வேலை குறையுது. ஒண்ணு இன்னும் ஒரு வருசம் இழுத்து இன்னொரு வேலையும் வகுப்பும் முடிக்கணும். இல்ல, கோ-ஆப்ப விட்டுட்டு சாதாரணப் பட்டமா வாங்கிக்கணும்." நான் என்ன சொன்னேன்? அஞ்சு வருடமாக கோ-ஆப் என்கிற அந்த ஒரு வார்த்தைக்குத் தனியாகக் கட்டணம் கட்டியிருக்கிறேன், அவள் வேறெங்கோ வேலை பார்க்கிற மாதத்துக்கும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டியிருக்கிறேன், காசு கொடுத்த சரக்கைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு வருகிற பழக்கம் இந்தக் குடும்பத்தில் கிடையாது, கோ-ஆப்பை விடுகிற பெண் என் கண்ணில் படக் கூடாது என்றேன். சற்றுச் சத்தமாகத்தான் சொன்னேன். நீ மீன் முள்ளை எண்ணிக்கொண்டிருந்தாய். அவள் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். ஒடேத் மட்டும் என்னைப் பார்த்து, "அந்தக் கரண்டிய அன்னைக்கே நீங்க தின்னுட்டீங்க" என்றாள். என்ன என்று கேட்டேன். நீ அடுக்கி வைத்த வரிசையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துத்தான் நான் அன்று இலவங்கப்பட்டை தூவின பால்சோற்றைத் தின்றேனாம். வரிசையில் நாலு கரண்டிதான் மிஞ்சியதாம். ஐந்து வருடமாக இதை மனதில் வைத்திருந்து சொல்கிறாள் பார், உங்கள் குடும்பத்து ஞாபகசக்தி! பால்சோறு வைத்தால் கரண்டியும் வைக்க வேண்டும். வைக்காதது யார் குற்றம்?

இப்போது இடம் கிடைத்துவிட்டது. சேதி வந்த அன்றைக்கு வீடு முழுக்க அழுகை. எனக்கு அழுகை வந்து முடிவதற்குள் ஜூன் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மெலனி "அப்பா, அது வந்து" என்றாள். "நீ பேசாத, நான் பாத்துக்கறேன்" என்றேன். மறுநாள் காபி குடிக்கும்போது மறுபடி "அப்பா, ஒரு நிமிசம்" என்றாள். "படிச்சது போதும், இனிமே அப்பன் வேல" என்றேன். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காதது மட்டுமில்லை, மத்தியானம் வரை தூங்குகிறாள், எழுந்து தோழிகளோடு சைக்கிளில் ஆற்றங்கரைக்குப் போகிறாள், ஐஸ்கிரீமோடு திரும்புகிறாள். தன் தலை போகிறது என்று ஒரு பயம் வேண்டாமா? ஒடேத்தைக் கேட்டால், "அவகிட்டயே கேளுங்களேன்" என்கிறாள். அவளிடம் என்ன கேட்பது? தப்பு நடந்தது ஆபீசில், கேட்க வேண்டியது ஆபீசை.

வியாழக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு, சாட்சிக்கு ஸ்டானையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கோ-ஆப் ஆபீசுக்குப் போனேன். ரைமர் என்று ஒரு அம்மாள் இருக்கிறாள். நரைத்த முடி, மேஜையில் கற்றாழைத் தொட்டி, எதற்கும் அசையாத முகம்.

"எம் பொண்ணு மெலனி பிமெந்தெல் விசயமா வந்திருக்கேன்."

"மன்னிக்கணும் சார். மாணவி எழுத்துல அனுமதி குடுக்காம அவங்க விசயத்த நான் யாரோடயும் பேச முடியாது."

"நான் யாரோ இல்லம்மா. அப்பன்."

"தெரியுது சார்."

"அஞ்சு வருசமாக் கட்டணம் கட்டினவன்."

"ரொம்ப நன்றி சார். ஆனா பேச முடியாது. உங்க மகளோட பேசினீங்களா?"

"எம் மகளோட எப்பப் பேசணும்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில அவ வேல பாத்ததுக்கு இதோ சாட்சி. ஸ்டான், சொல்லு."

ஸ்டான் தொப்பியைக் கழற்றி, "கஞ்சி நல்லா எட போடுவாம்மா, ஒரு நாள் கூடக் குறைஞ்சதில்ல" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பக்கம் திரும்பி, "ஆனா ஜெர்மானோ, அந்த அடுப்பு இப்பல்லாம் ஒரு பக்கந்தான் சூடாகுது, அதையும் இப்பவே பேசிருவோம்" என்றான். ஒரு பல்கலைக்கழக ஆபீசில், என் மகளுடைய எதிர்காலம் மேஜை மேல் கிடக்கும்போது, அடுப்புக் கதவின் ரப்பர் வளையத்தைப் பற்றி எனக்கும் அவனுக்கும் தகராறு. ரைமர் அம்மாள் கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

கடைசியில் நான் தணிந்து வந்தேன். என் வாழ்க்கையில் விலையை நானாக இறக்கினது அன்றுதான். "சரிம்மா. கோ-ஆப் வேணாம். அந்த வார்த்தைய எடுத்துருங்க. சாதாரணப் பட்டமே ஜூன்ல குடுங்க" என்றேன். அதற்கு அவள் சொன்னாள், "உங்க மகளப் பத்தி எதுவும் சொல்ல முடியாது சார். பொதுவா விதி மட்டும் சொல்றேன். இந்த ஜூன்ல பட்டம் வாங்கறவங்க கோ-ஆப்ப விடணும்னா ஜனவரிக்குள்ள எழுதிக் குடுத்திருக்கணும்." ஜனவரி! இது மே. கதவு நாலு மாதத்துக்கு முன்பே சாத்தியாகிவிட்டது. சாத்தினது நான்தான் என்று உன் தங்கை சொல்லாமல் சொல்கிறாள். எழுந்து வரும்போது ரைமர் அம்மாள் என் முகத்தை நேராகப் பார்த்து மறுபடியும் கேட்டாள்: "சார், தயவுசெஞ்சு, உங்க மகளோட பேசினீங்களா?" பெற்ற பெண்ணோடு எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குப் பாடம் சொல்கிறாள், துவார்த்தே! கிரீடம் வீட்டில் இருக்கும் வாரமாக இல்லாவிட்டால் அந்தக் கற்றாழையை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

தினமும் ஜெபமாலை முடிந்ததும் தெருக்காரர்கள் கையைப் பிடித்து, "டாக்டர் அப்பா, டாக்டர் அப்பா" என்கிறார்கள். நான் கிரீடத்தைப் பார்க்கிறேன், கிரீடம் என்னைப் பார்க்கிறது. நேற்று எல்லோரும் போன பிறகு அதன் முன்னால் நின்று, ஆண்டவரே, அடுப்பெல்லாம் போனாலும் போகட்டும், இந்தப் பெண்ணின் இடத்தை மட்டும் பிடுங்காதீர் என்று சொன்னேன். இதை நீ யாரிடமும் சொல்லாதே.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் உன் முழங்காலைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு வா. பள்ளி ஆலோசகர் என்ற உன் பழைய அட்டையைக் கொண்டு வா. நாம் இருவரும் போய் ரைமர் அம்மாளின் மேஜை முன்னால் உட்காருவோம், கஞ்சியைக் கணக்கில் சேர்க்கும் வரை எழுந்திருக்க மாட்டோம். வராவிட்டால் நீ எனக்கு மச்சான் இல்லை, என் மகளுக்கு ஞானத்தந்தை இல்லை, உன் திராட்சையில் பிழிந்த ஒயினையும் இனி நான் நல்லது என்று பொய் சொல்ல மாட்டேன்.

பரிசுத்த ஆவி உன் வீட்டின் மேல் நிழலாக இருக்கட்டும். உன் கோபம் தணியட்டும், என்னுடையது தணியாது. ஒடேத் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போன மைத்துனன்,
ஜெர்மானோ பிமெந்தெல்

பின்குறிப்பு: மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களே, உறையை ஒட்டுவதற்குள் மெலனி மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்தாள். எதிர்ப்பக்கம் நின்றபடி தலைகீழாகவே கடிதத்தைப் படித்தாள், அந்தத் திறமை அவளுக்கு என்னிடமிருந்து வந்தது. படித்துவிட்டு ஐஸ்கிரீம் பெட்டி மேல் சாய்ந்து சிரிசிரி என்று சிரித்தாள். "அப்பா, கோ-ஆப்ப நான் ஜனவரிலேயே விட்டுட்டேன். ஜூன்ல பட்டம். சொல்ல வந்தப்பல்லாம் நீங்கதான் விடல" என்றாள். பிறகு கிறிஸ்துமஸ் அன்று ஏன் சரி என்றாய் என்று கேட்டேன். "நீங்க கத்தி முடிச்சதுக்குத்தாம்பா சரின்னேன்" என்றாள். ஜனவரிப் பனிப்புயல் அன்றைக்கு அந்த வலிக்கிற முழங்காலோடு மிஸ்ஸிசாகாவிலிருந்து வண்டி ஓட்டிவந்து அவளை ஆபீசுக்குக் கூட்டிப்போனது தாங்கள்தானாம். அவளே சொல்லும் வரை என்னிடம் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்ததால்தான் தாங்கள் போனை எடுக்கவில்லையாம். ஒடேத்துக்கும் தெரியுமாம். ரைமர் அம்மாளுக்குத் தெரிந்துதான் இருக்கும். ஒருவேளை கற்றாழைக்கும்.

இன்னொன்று. மருத்துவக் கல்லூரி நேர்முகத்தில் அவளிடம் இன்சூரன்ஸ் ஆபீசையும் கேட்கவில்லை, சட்பரியையும் கேட்கவில்லை. கஞ்சியைக் கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் மாடிக் கிழவிகளின் தட்டுகள் அப்படியே திரும்பி வருவதைப் பார்த்து, பசி இல்லை என்று எல்லோரும் நினைத்தபோது, முடக்குவாத விரலால் அந்த மூடியைத் திறக்க முடியவில்லை என்று கண்டுபிடித்து, மூடியைத் திறந்தே அனுப்பச் செய்தாளாம். அரை மணி நேரம் அதையே பேசினார்களாம். ஆகையால் அடுப்பை நான் பாதி விலைக்கு விற்றது சரியான வியாபாரம்தான். ரப்பர் வளையத்தை மட்டும் திங்கட்கிழமை போய் மாற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

மேலே எழுதியதை எல்லாம் தாங்கள் கிழித்துவிடவும், கிரீடத்தின் முன்னால் நின்றதை முதலில் கிழிக்கவும். தங்கள் ஒயின் நல்ல ஒயின். ஜூனில் பட்டமளிப்பன்று முதல் வரிசையில் தங்களுக்கு இடம். அதற்கு முன் நாளை ஞாயிறு கிரீடத்தை வழியனுப்புகிற விருந்துக்கு அவசியம் வரவும், தபால் தாமதமாகும் என்று இதை மெலனி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஒடேத் பால்சோறு செய்கிறாள், நான் போய் ரைமர் அம்மாளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு வரப்போகிறேன்.

வரும்போது தங்கள் கரண்டியைத் தாங்களே கொண்டுவரவும். எங்கள் வீட்டில் ஒன்று குறைகிறது.